மாமியாரை வானத்தில் சுற்றவிட்டவள்

என் அக்காவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் டிராபிக். சமையலறை வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தால் போதும், ஒருவரை நிறுத்தி மற்றவரை முதலில் விடுவாள். எல்லாம் வேலைப் புத்தி. விமான நிலையத்தின் ரேடார் அறையில் உட்கார்ந்து, இறங்க வருகிற, ஏறிப் போகிற விமானங்களை ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டு வரிசையில் அனுப்புவதுதான் அவள் பிழைப்பு.

இப்படிப்பட்டவளுக்கும் காதல் வந்தது, கேளுங்கள். பையன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தங்கமான மனிதர். அவருடைய அம்மாதான் சிக்கல். வேளை கெட்ட வேளையில் வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். மகன் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தார். அதுவும் விமானத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக. அந்த ஒரு பார்வையில் அக்காவின் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கோ அன்று மதியம் வரை டியூட்டி.

நானும் மாப்பிள்ளையும் வருகை வாசலில் பூங்கொத்தோடு நின்றோம். விமானம் வருகிறது, வருகிறது என்று பலகை சொன்னதே தவிர, வந்த பாடில்லை. மாப்பிள்ளை நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்துவிட்டார்.

மேலே நடந்த கூத்தை அக்கா பிறகுதான் சொன்னாள். விமானம் ஓட்டப் பழகும் பல் டாக்டர் ஒருவர் அன்றுதான் முதன்முதலாகத் தனியாக ஓட்டினாராம். அவருடைய குட்டி விமானம் ஆடி அசைந்து ஓடுபாதையை நோக்கி வர, பின்னாலேயே அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, வந்த பெரிய விமானம் விறுவிறுவென்று நெருங்கியிருக்கிறது. மாமியாரை முதலில் இறக்கு, டாக்டர் சுற்றிவிட்டு வரட்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதைக் கடித்தாராம். டாக்டரின் குரலோ ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது. திருப்பிவிட்டால் தடுமாறிப் போவார். அக்கா அத்தையின் விமானத்தை இடப்பக்கம் திருப்பி ஒரு முழு வட்டம் போடச் சொல்லிவிட்டாள். டாக்டர் எப்படியோ இறங்கி, ஓடுபாதையை விட்டு வெளியேற வழி தெரியாமல் திருதிருவென்று விழித்தார். அத்தைக்கு இன்னொரு வட்டம்.

டியூட்டி முடிந்து அக்கா மூச்சிரைக்க ஓடிவந்த நேரமும் அத்தை வெளியே வந்த நேரமும் ஒன்றாகிவிட்டது. அத்தையின் முகம் வெளுத்திருந்தது. அக்காவின் வணக்கத்தைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எவனோ கீழ உக்காந்துகிட்டு எங்கள ராட்டினம் சுத்தவிட்டுட்டான். அவன் மட்டும் என் கைல கிடைச்சான்னா..."

வாயை மூடிக்கொள் என்று நான் அக்காவைக் கிள்ளினேன். அரிச்சந்திரனோடு கூடப் பிறந்தவள் அவள், கேட்பாளா?

"நான்தான் அத்தை சுத்தவிட்டேன்."

மாப்பிள்ளை கையிலிருந்த பூங்கொத்து தரைக்குப் போனது. அடிப்பாவி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ள நான் இருக்கேன்னு தெரியுமா?"

"தெரியும். உங்களுக்கு முன்னால ஒருத்தர் தனியா, பயந்துகிட்டே வந்துட்டிருந்தார். அவர் இறங்காம உங்கள விட முடியாது."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கைப்பையை என்னிடம் திணித்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் திரும்பிப் போறப்ப நீ டியூட்டில இருப்பியா?"

வழியனுப்ப வருவதற்காக லீவு போட்டிருப்பதாக அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"லீவெல்லாம் வேண்டாம். நீ போய் அங்க உக்காரு. அப்பதான் நான் ஏறுவேன்."