அக்கா போட்ட நாலு கிலோமீட்டர்

மனு வாங்குவது எம்.எல்.ஏ.வின் வேலை; அதற்காக ஏச்சு வாங்குவது அவருடைய உதவியாளரின் வேலை. யாரிடமாவது உதவியாளராக இருந்து அவதிப்பட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நான் சந்தவாசல்காரன். ஜவ்வாது மலையில் பிறந்த மல்லிகா அக்கா எம்.எல்.ஏ. ஆன நாளிலிருந்து கூடவே இருக்கிறேன்.

முதல் வாக்கு

ஜெயித்த மறுவாரம் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு நன்றி சொல்லப் போனோம். சாமை விற்றுக்கொண்டிருந்த பாஞ்சாலை, "எங்க மேல்குட்டைக்கு ரோடு இல்ல. பிரசவம்னா டோலி கட்டித்தான் தூக்கினு வர்றோம்" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து, "ஒரே வருஷத்துல போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். பாஞ்சாலை என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாப்பா, எழுதிக்கினியா? இல்ல, போட்டோ மட்டுந்தானா?"

ஏற்றம்

ரோடு போகவேண்டிய நாலு கிலோமீட்டரும் காடு. அக்கா சட்டசபையில் மூன்று முறை பேசியும், மத்திய அரசு அனுமதி வேண்டும் என்றே பதில் வந்தது. அதைச் சொல்ல மேல்குட்டைக்கு நடந்தே ஏறினோம். தலைகுனிந்து நின்ற அக்காவை உட்காரவைத்து பாஞ்சாலை சாமைச்சோறு போட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கையெழுத்து டெல்லிலன்னா, இங்க இன்னா பண்ணினு கீற? அங்க போ."

இலாகா

போனார். எம்.பி. தேர்தலில் நின்று ஜெயித்தார். இரண்டாம் முறை ஜெயித்தபோது மத்திய இணை அமைச்சரும் ஆனார். வனத்துறை கிடைக்கும் என்று காத்திருந்தோம். கிடைத்தது மீன்வளம். அக்காவின் வீட்டுக்காரருக்கு நான்தான் போனில் சொன்னேன்.

"மீனா? வூட்ல கருவாட்டுப் பானையத் தொறந்தாலே வாசல்ல போய் நிப்பாளேப்பா!"

ரிப்பன்

மீன் ஃபைல்களுக்கு நடுவே மேல்குட்டை ஃபைலையும் தூக்கிக்கொண்டு அக்கா இன்னொரு அமைச்சகத்துக்கு நடையாய் நடந்தார். அமைச்சர் என்று பார்க்காமல் வராந்தாவில் காத்திருந்தார். அனுமதி வந்தது, ரோடும் வந்தது.

திறப்பு விழாவன்று பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் ரிப்பன் ஏற்கெனவே அறுந்து கிடக்கிறது. அதிகாரிகளுக்கு வியர்த்துவிட்டது. விடியற்காலையில் பாஞ்சாலையின் மருமகளுக்கு வலி எடுத்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஊரே சேர்ந்து ரிப்பனை அறுத்துவிட்டது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாஞ்சாலை அவர் தோளைத் தட்டினாள்.

"எம் பேத்தி ரோட்டத் தொறந்துட்டா. நீ சாப்ட்டுட்டுப் போ."

ஒரு எம்.எல்.ஏ., ஒரு எம்.பி., ஒரு மத்திய அமைச்சர் மூவரும் மனது வைத்தால் நாலு கிலோமீட்டர் ரோடு போட்டுவிடலாம். மூவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் இன்னும் சுலபம்.