தண்ணீர்கூடக் குடிக்காத விரதம்

1943-ம் வருஷம், ஆடிக் கிருத்திகையன்று, திருத்தணி மலைப்படியில் நடந்தது இது. அப்போது நான் அந்த ஊர்ப் பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தா. வயது நாற்பத்து நான்கு.

அப்பா காலமான வருஷத்திலிருந்து ஆடிக் கிருத்திகைக்கு நான் மலை ஏறாமல் இருந்ததில்லை. அது பத்தொன்பதாவது வருஷம். அன்று விடிந்ததிலிருந்து தரிசனம் முடிந்து கீழே இறங்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். எத்தனை மணிக்கு ஏறினேன், எத்தனை மணிக்கு இறங்கினேன் என்பதெல்லாம் டைரியில் இருக்கும். இதனால் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர். விரதம், வேண்டுதல் என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் சொல்வேன். அப்பா செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். நான் செய்வதை மற்றவர்களுக்குச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பதை நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

கிருத்திகைக்குப் பத்து நாள் முன்பு, வீட்டுக்கு விறகு போடும் கூலியாள் சுமையை இறக்கிவிட்டுத் தயங்கி நின்றான். கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவனுக்கு. ஐந்து மாதக் குழந்தைக்கு ஜன்னி கண்டு பிழைத்திருந்தது. பிழைத்தால் பூக்காவடி எடுப்பதாக அவன் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்குப் பால் குடுத்துகினு இருக்கிறாளுங்க. அன்னைக்கு ஒரு வாய் கஞ்சித்தண்ணி குடிச்சா இன்னாங்க? சாமி குத்தம் ஆயிடுமா?" என்று கேட்டான்.

ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "தண்ணிகூடக் கூடாதுப்பா. இறங்கி வந்த அப்புறம்தான். வேண்டிக்கிட்டா சரியா செய்யணும்" என்றேன்.

"ஆங், சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

கிருத்திகையன்று நல்ல வெயில். கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பாதி மலை ஏறியிருப்பேன். படியோரத்து மண்டபத்தில் தர்மத்துக்கு நீர்மோர் ஊற்றும் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் எதிரே ஒரே கூச்சல். "சாமி வந்துடுச்சி! விபூதி வைங்க!" என்றார்கள். அரோகரா என்று கோஷம் எழுந்தது. நானும் கைகூப்பிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் பூக்காவடி சாய்ந்திருந்தது. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவன் எங்கள் விறகுக்காரன். முந்தின நாள் சாயங்காலமே ஊரிலிருந்து நடக்கத் தொடங்கியவர்கள் என்று பிறகு தெரிந்தது.

பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த தெலுங்குக்கார அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"அருளாவது ஒண்ணாவது! அருள் வந்தவ ஆடுவா. இவ நாக்கு ஒட்டிக்கினு கெடக்கிறா, கண்ணு தெரியல உங்களுக்கு? தள்ளு நைனா!" என்று மோர்ச் செம்போடு குனிந்தாள்.

அவன் குறுக்கே கை நீட்டினான். "வேணாம்மா. விரதம் கெட்டா புள்ளைக்கு ஆவாது."

"யாருய்யா சொன்னது?"

"தோ, ஐயாதான் சொன்னாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன் சாமி, எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குது?" என்றாள்.

கீழே கிடந்தவள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் தெருக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று நான் பார்த்தேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

"குடிக்க விடுப்பா. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். அம்மாள் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். மூன்றாவது தடவை தொண்டை அசைந்தது. சற்றுப் பொறுத்துக் கண் திறந்த அந்தப் பெண் முதலில் குழந்தையைப் பார்த்தாள். அடுத்துச் செம்பைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தில் அறைந்துகொண்டாள்.

"ஐயோ, ஊத்திட்டீங்களே! எம் புள்ளைக்கு இன்னா ஆவுமோ!"

இனி ஒரு வாயும் குடிக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நாங்கள் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"இரும்மா, மேலே கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று மீதிப் படிகளை ஏறினேன். அவ்வளவு வேகமாக நான் ஏறியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சந்நிதிப் பக்கம் நின்றிருந்த குருக்களைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"கைக்குழந்தைக்காரிக்கு ஏதுங்காணும் விரதம்? நோயாளிக்கும் கிடையாது. வயித்துக்குச் சாப்பிட்டுட்டே ஏறலாம்" என்றார். பிறகு, "மத்தவாளுக்கும் பாலும் பழமும் உண்டே. தண்ணிகூடக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டார்.

"நான் அப்படித்தான் இருக்கேன். பத்தொன்பது வருஷமா."

"அதைத்தான் நானும் பார்க்கறேன். ஏதோ விசேஷமான வேண்டுதலாக்கும்னு நெனச்சிண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

சுவாமியைக்கூடப் பார்க்காமல் கீழே ஓடி வந்தேன். குருக்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நெசமா குருக்களே சொன்னாரா? இல்ல, நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"அவரே சொன்னாரும்மா" என்றேன்.

செம்பை வாங்கி முழுவதையும் குடித்தாள். இன்னொரு செம்பும் குடித்தாள். பந்தலுக்குள் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். வெயில் தாழ்ந்த பிறகு காவடியை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

அந்த வாரமே அரக்கோணத்தில் இருக்கும் என் அக்காவைப் போய்ப் பார்த்தேன். அப்பா ஏன் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலை ஏறினார் என்று கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்கு வயித்துல எது இருந்தாலும் படி ஏறச்சே கொமட்டும்டா. ஒரு தரம் பாதி மலையில வாந்தி எடுத்துட்டாரு. அன்னையிலேருந்து வெறும் வயிறுதான்" என்றாள்.

இப்போதும் கிருத்திகைக்கு மலை ஏறுகிறேன். கிளம்பும் முன் பால் குடித்துவிட்டு ஏறுகிறேன். பக்தி குறைந்துவிட்டதா என்று தெருவில் ஒருவர் கேட்டார். குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் என்னைக் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் யாரையும் கேட்பதை விட்டுவிட்டிருந்தேன். கேட்டால் என் பெயர் என்னாவது என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் தவறாமல் சுவாமியைப் பார்க்கப் போனவன் அவரைப் பற்றி முதல் கேள்வி கேட்பதற்கு, பால் கொடுக்கும் ஒரு தாய் படியில் சுருண்டு விழ வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.