ஒரு கிண்ணம் பனி

ஷிரின்கூல் குனிந்து பனியை முகர்ந்துகொண்டிருக்கிறாள். நாரின் என்கிற எங்கள் மலையூரின் வண்டி நிலையத்தில் பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை. ஓட்டுநர்கள் நாங்கள் இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, ஆள் ஏற்ற வண்டிகளைக் கொஞ்சம் முன்னே நகர்த்தியிருக்கிறோம். அவை ராத்திரியெல்லாம் நின்ற இடங்களில் இறுகிக் கிடக்கும் பனியை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். தலையில் பூப்போட்ட துணி, உடம்பில் கணவனின் பழைய பஞ்சு அங்கி. வண்டிப் புகையும் எங்கள் மூச்சும் ஒன்றாகக் கலந்து நிற்கிற அந்த நீல வெளிச்சத்தில் அவள் நடந்து வரும்போது, நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, கனவில்தான் இருக்கிறேன் என்று தோன்றும். என் வண்டி நின்ற இடத்தில் அவள் நின்றுவிட்டால் மட்டும் தூக்கம் முழுசாகக் கலைந்துவிடும்.

கறுப்பாகப் பரவியிருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பென்றால் கியர் பெட்டி. பச்சையாகக் குழி விழுந்து இனிப்பு வாடை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர். சந்தேகம் என்றால் ஒரு சிட்டிகைப் பனியை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பாள். எண்ணெயாக இருந்தால் உருகிய தண்ணீரோடு ஒட்டாமல் தனியாக மினுக்கும். பிறகு கண்ணைத் திறந்து, "அண்ணே, உங்க வண்டி அழுவுது" என்பாள். ஒழுகுகிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

என் வண்டி நன்றாகவே அழுதது. நானும் அசராமல் ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தேன். இன்ஜினின் அடித்தொட்டியில் சொட்டியதால் அங்கேதான் விரிசல் என்பது என் முடிவு. "சொட்டுற எடத்த விடுங்கண்ணே. எங்க நனைய ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்" என்றாள். இன்ஜினைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரை அதன்மேல் அள்ளித் தூவினாள். சந்தையைச் சுற்றி ஓட்டிவரச் சொன்னாள். வந்து மூடியைத் தூக்கினால், அந்த வெள்ளையில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று உச்சியில் புறப்பட்டு, வளைந்து வளைந்து அடிவரை இறங்கியிருந்தது. மேல்மூடியின் ரப்பர் கேஸ்கட் இறுகிப்போயிருந்ததுதான் காரணம். அதை மாற்றியதும் அழுகை நின்றது. பவுடர் வாசனை மட்டும் போகவில்லை. ஏறுகிறவர்களெல்லாம் குழந்தை எங்கே என்று கேட்டார்கள்.

இந்த நிலையத்தில் பழுது பார்க்க அவள் அடியில் புகாத வண்டி ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய மாமனார் தொக்தொசுனின் வேன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, அவர் முன்னால் காலை நீட்டக் கூடாது, எதிர்த்துப் பேசவும் கூடாது. எங்கள் வீடுகளில் அப்படித்தான். "ஊரான் வண்டியெல்லாம் பாக்கட்டும், நான் தடுக்கல. என் வண்டிக்கடியில என் மருமக கால நீட்டிக்கிட்டுப் படுக்குறத நான் நின்னு பாக்கணுமா?" என்பார். நல்ல மனுஷன்தான். பிடிவாதம் பிடித்தால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் அவருடைய வேன் நிரம்பி, தொலோன் கணவாய்க்குக் கிளம்பத் தயாராக இருந்தது. பின்சீட்டில் ஒரு தாய் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வேனின் பின்சக்கரம் நின்ற இடத்தில் ஷிரின்கூல் நின்றுவிட்டாள். வெளிறிய மஞ்சளில் சின்னதாக ஒரு குழி. பனியை எடுத்துத் தேய்த்தாள். அது தண்ணீரோடு கலந்துபோனது, ஆனால் விரல் வழுக்கியது. அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, பிரேக் ஆயில். எறக்கத்துல நிக்காது. நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"உன் வண்டிக்குப் பவுடர் போட்டது பத்தலியா? என் வண்டிக்குமா?" என்றார். "டீக்கடைக்காரன் கொட்டுன டீயா இருக்கும். போடா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணவாயின் இறக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷிரின்கூல் டீக்கடைக்குப் போனாள். ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் குழியிலிருந்து பனியை வழித்து அதில் போட்டாள். ஓட்டுநர் பக்கக் கதவருகில் போய்த் தலை குனிந்து வணங்கி, இடது கையை நெஞ்சில் வைத்து, வீட்டில் தினமும் கிண்ணத்தில் டீ கொடுப்பதைப் போலவே வலது கையால் நீட்டினாள்.

"நீங்க சொன்ன டீ, மாமா. குடிச்சிடாதீங்க, மோந்து மட்டும் பாருங்க."

மருமகள் கையால் நீட்டிய கிண்ணத்தை வேண்டாமென்று சொல்ல எந்த மாமனாருக்கும் வராது. வாங்கிக்கொண்டார். அவர் கைச்சூட்டில் பனி மெதுவாக உருகியது. முகர்ந்தார். ஒரு விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். திரும்பிப் பின்சீட்டுப் பிள்ளையைப் பார்த்தார். இன்ஜின் நின்றது.

"எல்லாரும் எறங்குங்க."

தானும் இறங்கினார். தன் நீண்ட ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி, ரோமம் மேலே இருக்கும்படி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பனிமேல் விரித்தார். ஒரு ஓரத்தைக் கையால் நீவிவிட்டார். கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, வேனுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நின்றுகொண்டார். அந்தக் குளிரில் அவர் உடம்பில் மெல்லிய ஸ்வெட்டர் மட்டும்தான் இருந்தது.

ஷிரின்கூல் கோட்டில் படுத்து உள்ளே நகர்ந்தாள். அவளுடைய இரண்டு பூட்ஸ்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது.

"கெடச்சிருச்சு, குழாய் மூட்டுல. அண்ணே, சின்ன ஸ்பேனரக் குடுங்க."

நான் நகர்வதற்குள் தொக்தொசுன் குனிந்து பெட்டியைத் துழாவினார். பார்வையை மலையிலிருந்து எடுக்காமலே, ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் நீட்டினார்.