ஒரே சம்பளம் என்றார்கள்

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த அறைத்தோழி முழங்கையால் என்னை இடித்தாள். அதற்காக இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் கரப்பந்தாட்டக்காரி. கொழும்பில் ஒரு கம்பனி அணிக்கு ஆடுகிறேன். கம்பனிக்கு ஆண்கள் அணி ஒன்று, பெண்கள் அணி ஒன்று. இரண்டு அணிகளையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தது அன்றைக்குத்தான். முகாமையாளர் மேடையேறி, இனிமேல் ஆடும் ஒவ்வொரு போட்டிக்கும் ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே கொடுப்பனவு என்று அறிவித்தார். அதுவரைக்கும் ஆண்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட எங்களுக்குக் கிடைத்ததில்லை. பிறகு கேக் வெட்டினார்கள். முதல் துண்டை எங்கள் அணித்தலைவிக்கு ஊட்டிவிட்டார்கள். படம் எடுத்தார்கள்.

கேட்காததை யாராவது கொண்டுவந்து கையில் கொடுத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நாங்கள் யாரும் சமமாகக் கொடுங்கள் என்று எழுதியும் கேட்கவில்லை, சொல்லியும் கேட்கவில்லை. பயந்துகொண்டு எங்களுக்குள் பேசியதோடு சரி. அப்படியிருக்க இவர்களாகவே ஏன் கொடுக்கிறார்கள்?

அறைத்தோழி மாத்தறைப் பக்கத்துக்காரி. இரவு சாப்பிடும்போது அவளிடம் சிங்களத்தில் இதைக் கேட்டேன். உனக்கு நல்லது நடந்தாலும் சந்தேகம், கெட்டது நடந்தாலும் சந்தேகம் என்று சிரித்தாள்.

அவளுக்குப் புரிய வைக்க முடியவில்லை. அவள் தேயிலைத் தோட்டத்தில் பிறக்கவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சமச் சம்பளம் என்பது நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து பறிக்கிறவர். இருவருக்கும் ஒரு நாளைக்கு ஒரே சம்பளம். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். அப்பா தனக்குக் கொடுத்த வேலையை முடித்துவிட்டு மதியத்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, பீலித் தண்ணீரில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவார். அம்மா கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நிறை குறைந்த அன்றைக்கு அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் போடுவார்கள். சம்பளம் ஒன்று, நாள்தான் ஒன்றில்லை. சமம் என்ற சொல்லைக் கேட்டாலே, அதில் எந்தப் பக்கம் ஓட்டை என்று தேடுகிற பழக்கம் எனக்கு அப்படி வந்தது.

அடுத்த வாரம், பயிற்சி முடிந்து நான் திரும்பும்போது முகாமையாளரின் அறையிலிருந்து என் அறைத்தோழி வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் நடையை மாற்றினாள். என்ன விஷயம் என்று கேட்டேன். சப்பாத்து விஷயம் என்றாள். சப்பாத்து கேட்பதற்கு முகாமையாளரிடம் போகத் தேவையில்லை. அதற்குத் தனியாக ஆள் இருக்கிறார்.  அன்றிலிருந்து அவள் போனில் குரலைத் தாழ்த்தினாலும் என் காது அங்கேயே போனது.

சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் ஒரு காட்சிப் போட்டி ஏற்பாடானது. எங்களோடு ஆட இன்னொரு கம்பனியின் இரண்டு அணிகள். புதிய திட்டத்தை அங்கேதான் ஊருக்குச் சொல்லப் போகிறார்களாம். விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு தம்பி கெமராவோடு வருவதாகச் சொன்னார்கள். பெண்கள் போட்டி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. ஆண்கள் போட்டி மாலை மூன்று மணிக்கு. ஆண்கள் ஞாயிறு காலையில் குளிரூட்டிய பஸ்ஸில் வருவார்கள். இரண்டு கம்பனிப் பெண்களும் முதல் நாளே மூன்றாம் வகுப்பு ரயிலில் நானுஓயாவுக்குப் போய், ஒரு பள்ளிக்கூட விடுதியில் தங்க வேண்டும். சமத்துவத்தைக் கொண்டாடப் போகிற பயணம் அது. நான் அதைச் சொல்லிக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை.

ரயிலில் எங்களுக்கு இருக்கை கிடைக்கவில்லை. நானும் அறைத்தோழியும் கதவோரமாகப் பைகளின் மேல் உட்கார்ந்தோம். ஹட்டன் தாண்டியதும் அவளாகவே வாயைத் திறந்தாள். அன்றைக்கு முகாமையாளர்தான் அவளைக் கூப்பிட்டாராம். உன் தோழி கேள்வி கேட்கிற ஆள், நுவரெலியாவில் ஊடகக்காரர்கள் இருப்பார்கள், அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்றாராம். இப்போதைய தலைவி அடுத்த வருடம் ஓய்வு பெறுவார், உன் பெயர் மனதில் இருக்கிறது என்றும் சொன்னாராம்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை" என்றாள்.

அதை என்னிடம் சொன்னது நட்பினாலா, அல்லது இப்படிச் சொல்வதே என்னைப் பார்த்துக்கொள்கிற வழியா? நானுஓயா வரும்வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இரவு முழுக்க மழை. காலையில் மைதானத்துக்குப் போனால் ஏற்பாட்டாளர்கள் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டதாம். ஆண்களின் இரண்டு பஸ்ஸும் அங்கே வரிசையில் நிற்கின்றன. மாலைக் கூட்டத்துக்குக் காட்ட ஆளில்லை. அதனால் எங்கள் போட்டியை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை; வந்து சொன்னார்கள், அவ்வளவுதான்.

நான் அம்மாவுக்கு போன் எடுத்தேன். ஒன்பது மணிப் போட்டிக்கு நீங்கள் எப்படியும் வந்து சேர முடியாது, வர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். மூன்று மணி என்றதும், ஹட்டனுக்கு பஸ் பிடித்து அங்கிருந்து வருவதாகச் சொன்னார். வைப்பதற்கு முன்னால், "ஏன் நேரத்த மாத்துனாங்க?" என்று கேட்டார். சந்தேகப்படுவதை நான் யாரிடம் படித்தேன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

மூன்று மணிக்கு மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. சித்திரை விடுமுறைக்கு வந்த குடும்பங்கள், டவுன் கடைக்காரர்கள், தோட்டத்துப் பிள்ளைகள். எங்களை வழக்கமாக வெறும் கதிரைகள்தான் பார்க்கும். வேலை நாளில் காலை நேரத்தில் ஆட வைப்பார்கள். பிறகு, உங்கள் ஆட்டத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை, வருமானம் இல்லாமல் எப்படிச் சமமாகக் கொடுப்பது என்று கேட்பார்கள்.

முதல் செட்டில் சனத்தைக் கண்ட பயத்திலேயே தோற்றோம். இரண்டாவதில் என் அடி சரியாக இறங்கத் தொடங்கியது. அறைத்தோழிதான் பந்தை உயர்த்திக் கொடுப்பவள். நான் எங்கே குதிப்பேன் என்று அவளுக்குத் தெரியும், பார்க்காமலே போடுவாள். ஆடும்போது மட்டும் எனக்கு அவள்மேல் துளி சந்தேகமும் வந்ததில்லை. ஐந்தாவது செட்டின் கடைசிப் பந்தை நான் அடித்து அது எதிர்ப்பக்கக் கோட்டில் விழுந்தபோது, கூட்டம் எழுப்பிய சத்தத்தில் நடுவரின் விசில் கேட்கவில்லை. வேலியோரத்தில் அம்மா எங்கள் லயத்துப் பெண்கள் சிலரோடு நின்றார். கை தட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

விளம்பரப் பிரிவுத் தம்பி எப்படியோ அவரைக் கண்டுபிடித்துவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் மைக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தான்.

"அம்மா, உங்க மகளுக்கு இனிமே ஆண்களுக்குச் சமமா சம்பளம் குடுக்கிறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"குடுத்தாச்சா?" என்றார் அம்மா.

"குடுக்கப் போறாங்க."

"அப்ப குடுத்த பொறகு வாங்க தம்பி. பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் விடவில்லை. சந்தோஷமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்களுக்குந்தான் சமமா குடுக்கிறாங்க. நான் இங்க நின்னு சந்தோசம்னு சொல்லிட்டா, நாளைக்கு மலையில கொழுந்தெடுக்க நிக்கிறவங்க என்னய என்னா நெனைப்பாங்க?" என்றார். தம்பி கெமராவை இறக்கிவிட்டான்.

ஆண்கள் வந்து சேர ஐந்து மணியாகிவிட்டது. அவர்கள் களமிறங்கும்போது மிஸ்ட் என்கிற பனிமூட்டம் இறங்கிவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சனம் கலைந்துகொண்டிருந்தது. பாதிக் கூட்டத்துக்கு முன்னால், ஈரத்தில் வழுக்கி வழுக்கி ஆடினார்கள். ஆண்கள் அணித்தலைவர் போகிற போக்கில் என்னிடம், இன்றைக்கு நீங்கள் வாங்கிய கைதட்டல் எங்களைப் பார்க்க வந்தவர்களுடையது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுட்டது. ஆனால் அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சனம் எங்களுக்காகவே வந்ததா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஐந்து செட் முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் காலை, ஆண்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு எங்களையும் அழைத்தார்கள். பெரிய பதாகை கட்டி அதன் முன்னால் கதிரைகள் போட்டிருந்தார்கள். படம் எடுப்பதற்கு முன் முகாமையாளர் திட்டத்தைப் பற்றி இன்னொரு தடவை பேசினார். கேள்வி ஏதும் இருக்கிறதா என்று வழக்கத்துக்குக் கேட்டார். நான் கையை உயர்த்துவதற்குள் பக்கத்தில் அறைத்தோழி எழுந்துவிட்டாள்.

"ஒரு வருடத்தில் அவர்களுக்கு எத்தனை போட்டி, சேர்? எங்களுக்கு எத்தனை?"

முகாமையாளர் முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஆண்களுக்கு லீக் இருக்கிறது, பருவம் முழுக்க ஆடுவார்கள், பெண்களுக்கு லீக் இல்லையே, இரண்டு மூன்று கிண்ணப் போட்டிகள்தானே என்றார். "போட்டி நடத்துவது நாங்கள் இல்லை. நடக்கிற போட்டிக்குச் சமமாகக் கொடுக்கிறோம். அதற்கு மேல் என்ன செய்வது?" என்று கையை விரித்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார் போலிருந்தது.

நான் எழுந்து, பயிற்சி இரண்டு அணிக்கும் வருடம் முழுக்க, ஒரே மணிக்கணக்கு, ஒரே மைதானம்தானே, அப்படியானால் எங்களுக்குக் குறைவாக இருக்கிற மாதச் சம்பளத்தைச் சமமாகக் கொடுங்கள், போட்டிக் கணக்கு வேண்டாம் என்றேன்.  ஆண்கள் பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள். யோசிக்கலாம், இப்போது படத்துக்கு வாருங்கள் என்றார் முகாமையாளர். எங்கள் அணித்தலைவி அதுவரை எதிலும் வாய் திறந்ததில்லை. யோசித்து முடித்த பிறகு படம் எடுக்கலாம் சேர் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டார். நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் வெளியே வந்து நானுஓயாவுக்கு வேன் பிடித்தோம்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் மோசம். கம்பனியிலிருந்து எங்களைத் தனித்தனியாக போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். யாருக்கு எப்போது அழைப்பு வந்தது, யார் அதைச் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று ஒருவரை ஒருவர் கண்காணித்தோம். பயிற்சியில் யாராவது பந்தைத் தவறவிட்டால்கூட, இவள் ஒத்துக்கொண்டுவிட்டாளோ என்று தோன்றியது. எனக்கு மட்டும் அழைப்பு வரவேயில்லை. அது மற்றவர்களுக்குச் சந்தேகம். எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம்.

கடைசியில், மாதச் சம்பளத்தை ஒன்றாக்கினார்கள். போட்டிக் கொடுப்பனவு தனியாக இருக்கிறது. அதில், போட்டி அதிகம் ஆடுகிற ஆண்கள் இன்னும் மேலேதான். ஏன் இறங்கிவந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் வெளிநடப்புச் செய்தது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் என்கிறார்கள் சிலர். ஆண்கள் அணியிலேயே ஒருவர் எங்களுக்காகப் பேசினார் என்றும் ஒரு கதை இருக்கிறது. யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு எங்கள் அணியில் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. விலகிப் போன இருவருடைய இடமும் காலியாகவே இருக்கிறது. ஏதாவது ஒரு வருடம், ஆள் போதவில்லை என்று சொல்லியே அணியைக் கலைத்துவிடுவார்களோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

அறைத்தோழி இப்போது அணித்தலைவி. அன்றைக்கு ஹோட்டலில் அவள் முந்தி எழுந்தது எனக்காகவா, தனக்காகவா, இல்லை நான் கேட்டால் வேறு மாதிரிக் கேட்டுவிடுவேன் என்று பயந்தா? மூன்றுக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது. ஒரு தடவை கேட்டே விட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, எதைச் சொன்னால் நீ நம்புவாய் என்று திருப்பிக் கேட்டாள்.  மீதித் துணியை இருவருமாக மடித்து வைத்தோம்.