முறை வராத சீட்டு

போன கிழமை ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கூரைக்கு ஷீட் போட்டாயிற்றா என்று பார்க்கத்தான். மேலே கூரைக்குப் பதில் இன்னும் அதே தறப்பாள் விரிப்பு...

மாதாமாதம் எல்லாரும் போட்டு, ஒருவர் எடுக்கும் எங்கள் பெண்கள் சீட்டு இருக்கிறதே - இந்த மாதம் அவளுக்குத்தான் விட்டுக்கொடுத்தோம். மீள்குடியேறிய நாளிலிருந்து தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளோடு கிடக்கிறவள். மாரிக்கு முன் கூரை ஏறட்டும் என்றுதான்.

“ஷீட் எங்க பிள்ளை?”

“முருங்கன் கடையில விலை கேட்டன், காசு காணாது மாமி. கூட்டுவம் எண்டு போன் சீட்டில போட்டனான்.”

போன் சீட்டா? “அதை ஆர் பிடிக்கிறது?”

“ஒரு கம்பனி.” போனைக் காட்டினாள். ராசா, ராணி எல்லாம் மினுங்கின. மாதாவே என்று கதிரையில் இருந்துவிட்டேன். இந்தியாக்காரர் சீட்டு என்று சொல்வது, நாங்கள் கடதாசி என்று சொல்லும் ஆட்டத்தை. காசு வைத்து ஆடுகிற சூது!

“இந்தப் படங்களைப் பார்த்துமா விளங்கேல்ல?”

“அது விளம்பரமாக்கும் எண்டு நினைச்சன். பட்டனை அமத்தச் சொல்லும், அமத்துவன்.”

“காசு போகப் போக நிப்பாட்டியிருக்கலாமே?”

“அதெப்பிடி மாமி? சீட்டெண்டா இடையில நிப்பாட்டக் கூடாதெல்லோ. என்ர முறை வருமட்டும் போட்டன். நீங்கள் தந்த காசெல்லாம் முடிஞ்சுது.”

ஆசைப்பட்டு ஏமாந்தால் ஏசலாம். நாணயமாக இருந்து ஏமாந்தவளை என்ன சொல்லி ஏசுவது?

எங்கள் கதை கேட்டு, பக்கத்து வீட்டு அந்தோனி வேலியால் எட்டிப் பார்த்தார். “அரசாங்கம் இதைச் சட்டப்படி அனுமதிச்சு லைசன்ஸ் குடுக்கோணும் அக்கா. அப்ப கள்ளக் கம்பனியைப் பிடிச்சு உலுப்பலாம். இப்ப ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

நியாயம்தான். தடுத்தால் ஒளித்து ஆடுவார்கள், அதுவும் தெரியும். ஆனால் லைசன்ஸ் உள்ள கம்பனியில் தோற்றால் மட்டும் காசு திரும்பி வருமா? அந்தோனிக்கு முன்னால் இதைக் கேட்க வெட்கம். அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன்.

“இது சூது, பிள்ளை. இதில முறையெண்டு ஒண்டு இல்லை” என்றேன் ஜெசிந்தாவிடம்.

அவள் காதில் அது ஏறவேயில்லை. அந்தோனி சொன்னதில் முகம் மலர்ந்து நின்றாள்.

“அரசாங்கம் பொறுப்பெடுத்தா என்ர முறை கட்டாயம் வருமெல்லோ மாமி?”

லைசன்ஸில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் முதலில் இவளுக்கு ஒரு பதில் சொல்லட்டும்.