அண்ணன் அதட்டினால் பஸ் நிற்கும்

பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியம். அதற்குள் நாமே புதிய பயணங்களை உருவாக்கி, பிளகின் என்னும் துணை நிரலாகச் சேர்க்கலாம். ஆனால் கேமின் சொந்த நிரலை அந்தக் கம்பெனி யாருக்கும் காட்டாது. தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தருவிக்கு ஒரு பயணம் செய்தேன். பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பயணிகள்தான் இறங்கவில்லை. தோளில் துண்டோடு, அருவியைப் பார்த்தபடி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கோளாறு எங்கே என்று கேம் சொல்லாது. அதனால் என் நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சத்தம் வைக்க நினைத்தேன். கடைசியாகக் கேட்கும் சத்தத்தில்தான் சிக்கல் இருக்கும். என்ன சத்தம் வைப்பது என்று யோசித்தபோது, டிராஃபிக் போலீஸான அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான்.

"அண்ணே, ரோட்டுல எப்படிக் கத்துவ? ஒரு தடவ கத்திக் காட்டேன்."

சோற்றுக் கையோடு கத்தினான். "எடுலே, எடு! நேராப் போலே! ஏலே, வண்டிய நிறுத்துலே!"

மேசைக்கடியில் என் போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

பஸ் புறப்பட 'எடு', ஓடும்போது 'நேராப் போ', நிறுத்தத்தில் முழுதாக நிற்கும்வரை 'நிறுத்து' என்று பிரித்து வைத்து, அன்றே சோதித்தேன். ஐந்தருவியில் பஸ்ஸை நிறுத்தினேன். "ஏலே, வண்டிய நிறுத்துலே!" என்றது அண்ணன் குரல். நின்றுதானே இருக்கிறது? மறுபடியும் "நிறுத்துலே!" விடவே இல்லை. திரையை உற்றுப் பார்த்தேன். நிறுத்தத்தைச் சரிவில் அமைத்திருந்தேன். பஸ் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கேமின் கணக்கில் அது இன்னும் ஓடும் பஸ்! தரையைச் சமமாக்கினேன். பயணிகள் முண்டியடித்து இறங்கினார்கள்.

பயணத்தை இணையத்தில் ஏற்றினேன். அண்ணன் குரலை எடுக்க மனம் வரவில்லை.

அருவி சீசனில் அவனுக்கு ஐந்தருவியில் டூட்டி. ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, இங்கன வா. நான் 'நிறுத்துலே'ன்னா, காலேஜ் பயலுவ 'கேம்ல வார போலீசு'ன்னு செல்ஃபி எடுக்கானுவ. என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினேன். அண்ணன் ஓட்டினான். அவன் குரலே அவனை அதட்டியது. முகம் மாறியது.

"சோத்த மென்னுக்கிட்டே கத்துனது. ஒரு கெத்தே இல்லட்டி. வேற எடு."

ஜன்னலோரம் விறைப்பாக நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினான். "ஏலே, வண்டிய நிறுத்துலே!"

தெருவில் போன மொபெட்காரர் ஒருவர் சடக்கென்று பிரேக் போட்டு, சட்டைப்பையில் லைசென்ஸைத் தேட ஆரம்பித்தார்.