வலை பிடித்துவைத்த படகு

கம்பெனி வேனிலிருந்து பானுப்ரியா பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஏரிக்கு அக்கரையிலுள்ள அவள் குப்பத்துக்குக் கடைசிப் படகு போய்விட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலையில் அன்று அவளுக்கு இன்டர்வியூ. வேலை உண்டு என்றார்கள். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் தினமும் இதே வேன், இதே இருட்டு.

இப்போது அவள் குப்பத்திலேயே இறால் உரிக்கிறாள். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் புண்ணாகி, சாம்பார் பட்டாலே எரியும். "அத்த உட்டுத் தொல. தெனமும் நான் போட்டுல வந்து இட்டுனு வரேன்" என்று இன்டர்வியூவுக்கு அனுப்பியவன் கணவன் தனசேகர்தான்.

சொன்னபடியே படகோடு நின்றான்.

"இன்னாமே, வேலை கெடச்சுதா?"

"கெடச்சுது. நீ மெதுவா ஓட்டு."

"மேனேஜரம்மா சொன்னா கேட்டுக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. ஏரிக்கரையிலேயே பிறந்தும் அவளுக்கு நீச்சல் தெரியாது. பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். தண்ணீர் கடலைப் பார்த்து வடியும் நேரம். முகத்துவாரத்தின் இரைச்சல் பக்கத்தில் கேட்டது.

இறால் ஓடும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊரில் முறை உண்டு. பாடு என்பார்கள். அன்று வேதாசலத்தின் பாடு. தனசேகருக்குத் தெரிந்த விஷயம்தான். இருட்டிவிட்டதே, மனைவியைச் சீக்கிரம் வீடு சேர்க்க வேண்டுமே என்ற அவசரத்தில் அது அவன் நினைவுக்கே வரவில்லை, வலை குறுக்கே கிடக்கும் நேர்வழியிலேயே விட்டான்.

படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. என்ஜின் அணைந்தது. சுற்றிலும் இருட்டு. தண்ணீருக்குள் சுழலும் என்ஜின் விசிறியில் வலை சுற்றியிருந்தது. தனசேகர் கத்தியை எடுத்தான்.

"யார்ரா அது, என் பாடு அன்னிக்கு பூந்தது?" தூரத்திலிருந்து வேதாசலத்தின் குரல்.

"மாமா, நான்தான், தனசேகரு. வலைய அறுத்து எடுத்துடறேன்."

"டேய், அறுக்காத! அந்த வலதான் உன்ன புடிச்சினு கீது. உட்டா நேரா கடலுக்குப் பூடுவ!"

பானுப்ரியா அப்போதுதான் கவனித்தாள். படகு வலையைப் பின்னால் இழுத்தபடி, மூக்கை முகத்துவாரத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. ஓரத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. வலையின் கட்டுக்கழி ஒன்று முனகிச் சாய்ந்தது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கத்தி படகின் விளிம்பில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் அவன் பயந்து அவள் பார்த்ததில்லை.

வேதாசலம் தன் படகில் வந்து கயிறு கட்டி, சிக்கிய வலையை அறுத்துவிட்டு இவர்கள் படகைக் கரைக்கு இழுத்துப்போனார். வழியெல்லாம் திட்டினார். "வல கிழிஞ்சதுக்கு உன் அடுத்த பாடு எனக்கு. ஊர்ல வச்சுப் பேசிக்கலாம்" என்றார். தனசேகர் தலையாட்டினான்.

காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மணி அடிக்க அடிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடு. வரேன்னு சொல்லு," என்றான் தனசேகர். "இனிமே சுத்தி ஓட்டிக்கினு வரேன். நேத்து எதோ ஆயிடுச்சு, பயப்படாத."

"எனக்காகப் பயப்படல. உன் கை நடுங்குச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் போனை எடுத்தாள்.

"சாயங்காலம் சீக்கிரம் வுடற ஷிப்ட் எதுனா இருக்கா சார்?... இல்லியா? அப்ப நான் வரல சார்."

போனை வைத்தாள். எரியும் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு இறால் உரிக்கும் கொட்டகைக்குக் கிளம்பினாள்.